ஒரே கம்பியில் இரண்டு அழைப்பு

அண்ணியின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை வார்டுப் பக்கம் வரவேண்டாம் என்று மருத்துவமனை சொல்லி அனுப்பியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடந்தது இதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி அறை ஒன்றில் படுத்திருந்த பேருந்து ஓட்டுநருக்கு இதயம் தடுமாறியது. கட்டிலருகே சிவப்பு விளக்கு மின்னியது; அங்கே சத்தத்தை அடைத்து வைப்பதுதான் வழக்கம். ஆனால் நர்ஸ்களின் மேசையில் அடிக்கவேண்டிய மணி உடனே அடிக்கவில்லை. அடித்தபோது, அன்று பணியிலிருந்த நர்ஸான அண்ணி ஓடினாள், நெஞ்சை அழுத்தினாள், ஓட்டுநரை மீட்டாள். ஆனாலும் அந்த மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

மணி தாமதமாகத்தான் அடித்தது என்று அண்ணி சொன்னாள். சோதித்துப் பார்த்தோம், மணி சரியாக இருக்கிறது, இவள்தான் கவனிக்கவில்லை என்றது மருத்துவமனை. இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த மணியை அங்கே பொருத்தியது அண்ணியின் கணவனுடைய நிறுவனம். மனைவி சொல்வது மெய் என்றால் கணவனின் இயந்திரம் கோளாறு. இயந்திரம் சரி என்றால் மனைவி கோளாறு. ஊருக்கே பதில் சொல்லலாம், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும் இரண்டு பேர் இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

விசாரணை நாள் காலையில் அண்ணியின் கணவன், பெரியவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

தலைமை மருத்துவரிடம் பேசிவிட்டதாகச் சொன்னான். கொஞ்சம் அசந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், யாருக்கும் கெட்ட பெயர் வராது என்றான். அவன் பேசப் பேச அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மகன் பேசினால் எதுவும் நியாயம்தான்.

அண்ணி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் அசரலங்க. அசந்தேன்னு எப்படிச் சொல்றது?"

"ஒரு பேச்சுக்குத்தானே சொல்லச் சொல்றேன்."

"அந்த ஓட்டுநரோட சம்சாரம் தினமும் வார்டு வாசல்ல உக்காந்திருக்காங்க. நான் சொல்ற பேச்ச அவங்களும் கேப்பாங்க."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

சின்னவள் என்றால் பெரியவனின் தங்கை. நிறுவனத்தில் பேசுவதும் சிரிப்பதும் ஆள் பிடிப்பதும் அவன் வேலை. இயந்திரத்துக்குள் நடப்பதெல்லாம் இவள் பாடு. மருத்துவமனையில் மூலைக்கு மூலை கிடந்த சின்னச் சின்னக் கணினிகளை எடுத்துவிட்டு, அத்தனையையும் ஒரே பெரிய சர்வருக்குள் குடிவைத்தவள் அவள்தான். ஒரு பெரிய கட்டடத்துக்குள் பல குடித்தனங்கள் மாதிரி, அந்த ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் தானே ஒரு முழுக் கணினி என்ற நினைப்பில் ஓடும். கட்டில்களிலிருந்து வரும் வயர்களெல்லாம் போய்ச் சேரும் அலாரம் கார்டை, அந்தக் குடித்தனங்களில் ஒன்றுக்கு நேரடியாக ஒப்படைத்திருந்தாள். கார்டு கூப்பிட்டால், கட்டடத்தைக் காக்கும் மென்பொருள் அந்தக் கூப்பாட்டை நொடியும் பிந்தாமல் உரிய குடித்தனத்துக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். தொழிலில் அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். அதைக் கொண்டு சேர்க்கும் பகுதி முழுக்க அவள் எழுதியது.

அதனால்தான் அவளுக்குத் தூக்கமில்லை. அண்ணி பொய் சொல்லமாட்டாள். தன் நிரலும் பொய் சொல்லாது என்றே அவள் நம்பினாள். இரண்டு நாளாக அலுவலகத்திலிருந்தபடியே எத்தனையோ முறை சோதித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் மணி டாணென்று அடித்தது.

போதாததற்கு, முந்தின நாள் மாலையில் அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யாமல் போனது. விசாரணை முடியும்வரை யாரும் மெஷினில் கை வைக்கக்கூடாது என்பதற்காக மாற்றினேன் என்றான் பெரியவன். நானுமா என்று கேட்டாள். நீயும்தான் என்றான்.

வெளியிலிருந்து நுழைய முடியாவிட்டால் என்ன, நேரில் போனால் ஆயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்கிற்கும் நடுவே சர்வர் அறை. உள்ளே குளிர் எலும்பில் இறங்கும். விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. சர்வர் இருக்கும் அலமாரியின் சாவி அவளிடம் எப்போதும் இருப்பதுதான். திறந்து, சர்வரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கைவிளக்கை அடித்துப் பார்த்தாள்.

அலாரம் கார்டுக்கு அடுத்த இடத்தில் இன்னொரு கார்டு செருகியிருந்தது.

அந்த இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தாள். அலாரம் கார்டு பழையது. புதிய கார்டுகள் என்றால் ஒவ்வொன்றும் தனக்கென்று தனி வழியில் கூப்பிடும். இது பழைய காலத்துக் கம்பியை இழுத்துத்தான் கூப்பிடும். பக்கத்து இடத்தில் இன்னொரு பழைய கார்டைச் செருகினால் அதுவும் அதே கம்பியைத்தான் இழுக்கும்.

இப்போது செருகியிருந்தது ஸ்கேன் படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் கார்டு. பழசு. எங்கோ மலிவாகக் கிடைத்திருக்கவேண்டும்.

இதில் அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். கம்பி தனியாக இல்லையென்றால் அலாரம் கார்டை ஒப்படைக்கவே மாட்டேன் என்று மறுக்கும்படி அவள் நிரலில் ஒரு காவல் வைத்திருந்தாள். அது மறுத்திருக்கவேண்டுமே. சர்வரோடு இணைத்திருந்த விசைப்பலகையை இழுத்து, நேரில் இருப்பவர்களுக்கான வழியில் உள்ளே நுழைந்து பார்த்தாள். அந்தக் காவலை யாரோ கழற்றியிருந்தார்கள். பூட்டை உடைத்தமாதிரிகூட இல்லை, கதவையே எடுத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டு, சர்வர் அறைக்கு வா என்று மட்டும் சொன்னாள். அவன் ஏற்கெனவே கட்டடத்துக்குள்தான் இருந்தான். வரும்போது கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"இது யார் போட்டது?"

அவன் மறைக்கவில்லை. ஸ்கேன் பிரிவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், இன்னொரு சர்வர் வாங்க அவர்களுக்கு மனசில்லை, முடியாது என்றால் வேறு நிறுவனத்தைக் கூப்பிடுவார்கள் என்று பயந்துவிட்டேன் என்றான். உன்னிடம் கேட்டால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும், அதனால் உனக்குத் தெரியாமல் சாவியை எடுத்து, வெளியாள் ஒருவனை வைத்துச் செய்தேன் என்றான். அத்தனை நாள் ஒழுங்காகத்தானே ஓடியது என்றும் சேர்த்துக்கொண்டான்.

"ஓட்டுநருக்கு அப்படி ஆன அன்னைக்கு சாயங்காலம் மெஷின அணைச்சுத் திரும்ப ஏத்தினியா?"

"பராமரிப்புன்னு சொல்லி ஏத்தினேன்."

"அதனாலதான் அதுக்கப்புறம் எல்லாச் சோதனையிலயும் மணி அடிச்சிருக்கு."

அவன் அலமாரியை நோக்கி ஓரடி வைத்தான். அவள் திறந்திருந்த மூடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"தள்ளு. இத இப்பவே கழட்டிடறேன். இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதுதானே வேணும் உனக்கு?"

"இப்ப கழட்டினா அண்ணி பொய் சொன்னவங்களா ஆயிடுவாங்க. காலத்துக்கும்."

"அவ என் பொண்டாட்டி. அவள நான் பாத்துப்பேன்."

"காலையில பாத்துக்கிட்ட லட்சணத்தத்தான் நானும் பாத்தேனே."

சின்ன வயதில் அவன் கையிலிருந்து எதையாவது பிடுங்கவேண்டுமென்றால் அழுது காரியம் சாதிப்பாள். இன்று அழுகை வரவில்லை. அவன் கண்ணை நேராகப் பார்த்தபடியே மூடியைப் பொருத்தினாள், அலமாரியைப் பூட்டினாள், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நிறுவனமே போய்விடும், நீயும் நானும் தெருவில் நிற்போம் என்று அவன் சொன்னது விசிறி இரைச்சலிலும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நிப்போம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

விசாரணை அறையில் நீள மேசை. ஒரு பக்கம் தலைமை மருத்துவரும் தலைமை நர்ஸும் நிர்வாக அதிகாரியும். எதிர்ப்பக்கம் ஒற்றை நாற்காலியில் அண்ணி. சீருடை இல்லாமல், வீட்டில் உடுத்தும் சாதாரண உடையில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று அப்போதுதான் கேட்டிருந்தார்கள் போலும். இல்லை என்று அவள் சொன்ன ஒற்றைச் சொல் கதவைத் திறந்த சின்னவளின் காதிலும் விழுந்தது.

உங்களை யார் கூப்பிட்டது என்றார் நிர்வாக அதிகாரி. யாரும் கூப்பிடவில்லை, நானே வந்தேன் என்றாள். பின்னாலேயே பெரியவனும் வந்து ஓரமாக நின்றான்.

தலைமை மருத்துவர் வயதான அம்மாள். சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

"ஒரு வீட்டுக்கு மாடியும் கீழயும் சேத்து ஒரே அழைப்பு மணின்னு வெச்சுக்கோங்க மேடம். வாசல்ல காவல்காரர் நிக்கறார். மணி அடிச்சா கீழ்வீட்ல கேக்கறார், உங்களுக்கா? இல்லைங்கறாங்க. மாடியில இருக்கறவங்களுக்குக் காது கேக்கும், ஆனா எனக்குத்தான்னு திருப்பிச் சொல்லத் தெரியாது. காவல்காரர் பாக்கறார், மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எனக்குன்னு சொல்லல. ஏதோ விஷமம்னு நெனச்சுக் கம்பியையே புடுங்கிப் போட்டுடறார். அதுக்கப்புறம் மாடிக்காரங்க எப்பவாவது தானா எட்டிப் பாத்தாத்தான் வாசல்ல ஆள் நிக்கறதே தெரியும்."

"மாடின்னா எங்க அலாரமா?"

"ஆமா மேடம். கீழ்வீடு ஸ்கேன் படங்கள அனுப்பற கார்டு. அது அங்க இருக்கவே கூடாது. இருக்கு."

மூன்று முறை சோதித்தோமே, மணி அடித்ததே என்றார் நிர்வாக அதிகாரி. மெஷினை அணைத்து ஏற்றினால் பிடுங்கிய கம்பி திரும்ப ஒட்டிக்கொள்ளும், ஸ்கேன் படங்கள் நிறையப் போகும் நேரத்தில் அலாரத்தையும் தொடர்ந்து அடிக்கவிட்டுச் சோதித்தீர்களா என்று சின்னவள் கேட்டாள். அப்படிச் செய்யவில்லை. இப்போதே, எல்லோர் கண்முன்னாலும் செய்வோம் என்றாள்.

தலைமை மருத்துவர் எழுந்துவிட்டார். ஆனால் அண்ணி எழவில்லை.

"இப்ப வேணாம் மேடம்."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளுக்காகத்தானே இத்தனை பாடும்.

அண்ணி நிதானமாகச் சொன்னாள். சோதிக்கும்போது அந்தக் கம்பி அறுந்தால் சோதனைக்கு வைக்கும் காலிக் கட்டிலுக்கு மட்டும் அறாது, எல்லாக் கட்டிலுக்கும் அறும். ஒவ்வொரு அறையிலும் ஓர் ஆள் நோயாளியைப் பார்த்தபடி நிற்கவேண்டும், அதற்கு ஆள் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. வேறு வார்டிலிருந்து ஆட்களை அனுப்பத் தலைமை நர்ஸ் தொலைபேசியை எடுத்தார். அப்படியும் ஓர் அறைக்கு ஆள் குறைந்தது.

"அங்க நான் நிக்கறேன்" என்றாள் அண்ணி.

நிர்வாக அதிகாரி, உங்களுக்கு வார்டுக்குள் அனுமதியில்லை என்று ஆரம்பித்தார். அண்ணி அதற்குள் கையைக் கழுவப் போய்விட்டாள். அவள் போய் நின்றது அந்தப் பேருந்து ஓட்டுநரின் அறையில்.

காலிக் கட்டில் ஒன்றில் இதயத் துடிப்பைப் போலியாகக் காட்டும் சின்னப் பெட்டியை மாட்டினார்கள். ஸ்கேன் பிரிவிலிருந்து படங்களை அனுப்பத் தொடங்கினார்கள். சின்னவள் பெட்டியின் துடிப்பை நிறுத்தினாள். மேசையில் மணி உடனே அடித்தது.

மறுபடி செய்தாள். மறுபடியும் அடித்தது.

பெரியவன் மூச்சை மெதுவாக விடுவது அவளுக்குக் கேட்டது. நிர்வாக அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள். மணி அடித்தது, அணைத்தார்கள், அடித்தது, அணைத்தார்கள். தலைமை நர்ஸ், போதும்மா என்று தோளில் கை வைத்தார். இன்னும் படங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, அது தீரும்வரை நானும் விடமாட்டேன் என்றாள்.

அடுத்த முறை துடிப்பை நிறுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு மின்னியது. திரையில் கோடு நேராக ஓடியது.

மேசை மௌனமாக இருந்தது.

விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. தலைமை நர்ஸின் கை தன்னையறியாமல் மேசை விளிம்பைப் பற்றியது. அவர் அந்த மேசையில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்தவர், அந்த மணி அடிக்கும் என்று நம்பிக் கண்ணை மற்ற வேலைகளில் வைத்தவர். நோயாளி இருந்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். கடைசியில் மணி அடித்தபோது எல்லோரும் ஒருசேர அதிர்ந்தார்கள்.

தலைமை மருத்துவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஓட்டுநரின் கட்டிலருகே அண்ணி மணிச் சத்தத்துக்குத் திரும்பக்கூட இல்லை. நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாக் கட்டில்லயும் சத்தத்தத் திறந்து விடுங்க. ஆள் நகரக்கூடாது" என்றார் மருத்துவர். பிறகு பெரியவனிடம் திரும்பினார். "இது யார் செஞ்ச வேலை?"

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. சாவி தன்னிடம் இருந்தாலும் இந்தப் பூட்டை அவன்தான் திறக்கவேண்டும் என்று பேசாமல் இருந்தாள். பெரியவன் ஒருமுறை தங்கையைப் பார்த்தான், ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தான். அண்ணி, காலிக் கட்டிலருகே நின்ற நர்ஸை ஓட்டுநரிடம் நிறுத்திவிட்டு அறைக்கு வெளியே வந்து, கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நான்தான்" என்றான். மருத்துவரிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னான்.

அண்ணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது எனக்கு எப்போதோ தெரியும் என்பதுபோல் நின்றாள். நிர்வாக அதிகாரி வக்கீல், ஒப்பந்தம் என்று ஏதோ ஆரம்பித்தார். பெரியவன் அதைக் காதில் வாங்காமல் இன்னொன்றும் சொன்னான்.

"இன்னொரு ஆஸ்பத்திரியிலயும் இதேமாதிரி போட்டிருக்கேன். ஆத்தங்கரைப் பக்கம் இருக்கே, அங்க."

அப்படி ஓர் இடத்தில் தங்கள் இயந்திரம் ஓடுகிறது என்பதே சின்னவளுக்குத் தெரியாது. தன் நிரல், காவல் கழற்றப்பட்ட தன் நிரல், யாரோ முகம் தெரியாதவர்களின் கட்டில்களுக்குக் காவல் இருக்கிறது.

அண்ணி மேசைக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள். அந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கேட்டு வாங்கினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல். அண்ணி பதற்றமில்லாமல், தெளிவாக, அலார மணியை நம்பவேண்டாம், ஒவ்வொரு கட்டிலிலும் ஆள் நிறுத்துங்கள் என்று சொல்லத் தொடங்கினாள். பாதியில் அந்தக் குரல் குறுக்கிட்டது.

"அக்கா, இங்க ஒரு அவசரம். அப்புறம் கூப்பிடுங்க."

தொடர்பு அறுந்தது. அண்ணி மறுபடி எண்ணை அழுத்தினாள். இம்முறை யாரும் எடுக்கவில்லை.

தலைமை மருத்துவர், அந்தப் பெரிய டாக்டரை எனக்குத் தெரியும், நானே அவரிடம் பேசுகிறேன் என்று கைபேசியைத் தேடினார். நீங்கள் பேசுங்கள், நாங்கள் போகிறோம் என்றாள் சின்னவள். இது உங்கள் வேலையில்லை, விசாரணை இன்னும் முடியவில்லை, யாரும் வெளியே போகக்கூடாது என்று நிர்வாக அதிகாரி வாசலை மறித்தார்.

"வந்து முடிச்சுக்கலாம் சார்" என்றாள் அண்ணி. அவர் நகர்ந்துகொள்ளவில்லை. அவள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சின்னவள் அலமாரிச் சாவியைத் தலைமை நர்ஸின் கையில் வைத்தாள், நான் திரும்பும்வரை யாருக்கும் தராதீர்கள் என்றாள். அண்ணனிடம் கையை நீட்டினாள். அவன் வண்டிச் சாவியைக் கொடுத்தான்.

வாகன நிறுத்தத்தில் வெயிலில் கண் கூசியது. சின்னவள் வண்டியைக் கிளப்பினாள். அண்ணி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பெரியவன் கொஞ்சம் தள்ளி, தூணருகே நின்றிருந்தான். வருவதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அண்ணி கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்க. அந்த மெஷின் எந்த அறையில இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

அவன் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். கையில் இன்னும் அந்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கணவன் பக்கம் திரும்பாமலே, அண்ணி தன் கைபேசியில் அந்த எண்ணை மறுபடி அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.